பனியாற்றுக்கு நான் போட்ட அளவு

அந்தக் கம்ப்யூட்டர் அறையை நினைத்தாலே எனக்கு இன்றும் குமட்டும். தூசி போகக்கூடாது என்று செருப்பை வெளியே விடச் சொல்வார்கள். முப்பது பெண்களின் வேர்த்த கால் நாற்றமும், திறக்காத ஜன்னலின் புழுக்கமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். கீபோர்டைத் தட்டினால் எலிப்புழுக்கை உதிரும். காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அப்போது புவியியல் டீச்சர்.

பூமி உருண்டையைத் திரையில் சுழற்றிப் பார்க்கும் மென்பொருள் வந்த புதிது. ஓர் இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க அதில் வழி இருந்தது. உருகிப் பின்வாங்கும் இமயமலைப் பனியாறு ஒன்றின் நுனி முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, நடுவில் எவ்வளவு தூரம் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்களை அளக்கவைக்க ஆசைப்பட்டேன். முதல் நாள் யாரும் பனியாற்றைத் தேடவில்லை. எல்லோரும் தங்கள் ஊரைத்தான் தேடினார்கள். பக்கத்து ஊரான நெரவியிலிருந்து வரும் பெண்கள் இருவர், திரையில் தெரிவதில் எது யார் வீட்டு வயல் என்று சண்டை போட்டார்கள். இந்தக் கதையில் எனக்கு அருவருப்பில்லாமல் நினைவிருப்பது அந்த ஒரு நாள்தான்.

பிறகு ரெக்கார்டு நோட்டு வந்தது. எங்கள் பள்ளிகளில் அதற்கு ஒரு முறை உண்டு. விடை முதலில், சோதனை அப்புறம். போன வருஷத்து அக்காவின் நோட்டை வாங்கி, அவள் போட்ட அளவே வருகிற மாதிரி எழுதிவிட வேண்டும். நானும் அப்படி எழுதித்தான் டீச்சரானேன். அந்தப் புத்தி எங்கே போகும்? ஒரே ஒரு தடவை அளந்து, 'மாதிரிக்கு' என்று கரும்பலகையில் என் அளவை எழுதிப்போட்டேன். மறுநாள் நோட்டுக்கு நோட்டு அதே அளவு, புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் உட்பட. பாதிப் பேர் மவுஸைத் தொட்டதுகூட இல்லை. கூச்சமே இல்லாமல் சிவப்பு மையில் சரி போட்டுக்கொண்டே போனேன்.

ஒருத்தி மட்டும் அளவுக்கான கட்டத்தில் 'சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தாள். மீனவக் குடும்பத்துப் பெண். அவள் அம்மா தலத்தெருவில் வீடு வீடாக மீன் விற்பவர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திமிர் என்று நினைத்துக் கூப்பிட்டேன்.

"பழைய படத்துல மேலாக்க பனி பெஞ்சு மூடிக் கெடக்குங்க டீச்சர். மீன் பெட்டில ஐஸ் தூள் கொட்டின மாதிரி. மூடிக் கெடந்தா அடியில எது எதுவரைக்கும் இருக்குன்னு எப்படி டீச்சர் சொல்றது?"

திரையைப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. பனியாற்றின் நுனி என்று நான் குறித்தது, படம் எடுத்ததற்கு முந்தின நாள் பெய்திருக்கக்கூடிய பனியின் ஓரம். கண்ணை வைத்துக்கொண்டு நான் அதைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி நோட்டுகளைப் பார்க்க வருவதாக இருந்தது. ஒரு மாணவியை அங்கே நடக்கும் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுப்பார். தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். "சொல்ல முடியாதுன்னு எழுதிவச்சா நாம சொல்லித்தரலன்னு ஆயிடுங்க. நம்பரப் போடச் சொல்லி முடிங்க," என்றார். என் அளவு தப்பு என்று ஒப்புக்கொண்டால் எல்லா நோட்டையும் திருத்த வேண்டும், நான் போட்ட சரிகளையும் சேர்த்து. அந்தப் பெண்ணை அழைத்து அழிக்கச் சொன்னேன். "நம்பர் இருந்தாத்தான் உன்னை எடுப்பாங்க," என்றேன். மகள் புதுச்சேரிக்குப் போகப்போகிறாள் என்று அவள் அம்மா தலத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அவள் ரப்பரை எடுத்து, தாள் நைந்துபோகும்வரை தேய்த்தாள்.

அதிகாரி வந்தார். மிக்சர் தின்ற விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். சீ என்றிருந்தது. ஆனால் நான் நினைத்த அளவுக்கு அவர் ஏமாளி இல்லை. ஐந்தாறு நோட்டுகளிலேயே முகம் மாறிவிட்டது. அவளுடைய நோட்டில் நைந்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இங்க மொதல்ல என்ன எழுதியிருந்த?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"தப்பா எழுதிட்டேங்க சார். டீச்சர்தான் சரியா சொல்லிக் குடுத்தாங்க."

எங்கள் பள்ளியிலிருந்து அவர் யாரையும் எடுக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட வாய் வரவில்லை. என்னையே எனக்குப் பிடிக்காமல்போன நாட்கள் அவை.

அடுத்த மாதம் வேறொரு பனியாறு. அவளுடைய முறை வந்தது. பென்சிலைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ போடணும் டீச்சர்?"

"பாத்து எழுதும்மா," என்றேன்.

"பாத்தா வேற வந்துடும் டீச்சர்," என்றாள். குத்திக்காட்டவில்லை. எனக்குத் தொந்தரவு வரக்கூடாதே என்றுதான் சொன்னாள்.