யாரும் இறங்கக் கூடாது என்றவர்

பிரிகேடியர் சிவலிங்கம் சார் இறந்துவிட்டார் என்று குடியாத்தத்திலிருந்து அவர் மருமகன் தொலைபேசியில் சொன்னபோது, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். "சரிங்க" என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு வந்து சாப்பிட்டு முடித்தேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்து பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். எழுபத்தொன்றாம் வருடப் போரில் கிழக்கு எல்லையில் ஒரு படைப்பிரிவை நடத்தினார். ஓய்வு பெற்றதும், ஆம்பூருக்குப் பக்கத்தில் அரசு நடத்திய தோல் தொழிற்சாலைக்கு அவரைத் தலைமை அதிகாரியாகப் போட்டார்கள். அடிக்கடி வேலைநிறுத்தம் நடந்த இடம் அது. மிலிட்டரிக்காரர் வந்தால் அடங்குவார்கள் என்று மேலிடத்தில் நினைத்திருக்கலாம். நான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்துபோகும் ஸ்டெனோ. வந்த அன்றே என்னிடம், "வாட்ச்மேனை சல்யூட் அடிக்க வேணாம்னு சொல்லிடும்மா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

அடுத்த கோடையில், கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தனபால் என்ற தொழிலாளி விஷவாயு தாக்கி உள்ளே விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினோம். அவர் தம்பி ஏழுமலை அதற்குள் தொட்டி விளிம்பில் கால் வைத்துவிட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் தயாராக நின்றார்கள். சார் ஏழுமலையின் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, அவன்மேலேயே விழுந்து அமுக்கிக்கொண்டார்.

"வுடு சார், எங்க அண்ணன் சார் அது!"

"யாரும் இறங்கக் கூடாது. நான் சொல்றேன், யாரும் இறங்கக் கூடாது!"

ஏழுமலை அவர் கையைக் கடித்தான். அவர் விடவில்லை. தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு வந்து தூக்கியபோது தனபால் உயிரோடு இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் தனபால் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். தனபாலின் மனைவி சாந்தா எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா சார், பட்டாளத்துலயும் இப்படித்தான் வுட்டுட்டு வருவீங்களா?"

கையில் கட்டோடு நின்றவர் சொன்னார்: "ஆமாம்மா. அப்படியும் வந்திருக்கேன்."

 

பிறகு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். தனபால் அனுமதி கேட்காமல் இறங்கினார் என்று அறிக்கை கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். "அவரை இறக்கினது நாங்க. முகமூடி வாங்கி வைக்காதது நான்" என்றார் சார். அப்படியே எழுதியும் அனுப்பினார். அந்த அறிக்கையால் சாந்தாவுக்கு நஷ்டஈடும் அங்கேயே வேலையும் கிடைத்தன. சாரைப் பதவியிலிருந்து விடுவித்தார்கள். பிரிவுபசார விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிக் குடியாத்தம் போய்விட்டார்.

இத்தனை வருடம் கழித்து, குடியாத்தத்தில் அவர் உடலைத் தூக்கிச் சென்றவர்களில் ஏழுமலையும் இருந்தான். அந்த விபத்துக்குப் பிறகு பிறந்த அவன் பிள்ளைகள் இரண்டும் சாந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் நின்றன. "அவரு மேல எனக்குக் கோவம் இன்னும் போவலக்கா" என்றாள் சாந்தா. "ஆனா இதுங்களப் பாத்தா இன்னா சொல்றதுன்னே தெரியல."

அந்த அறிக்கையை அவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து நான்தான் தட்டச்சு செய்தேன். 'யாரும் இறங்கக் கூடாது என உத்தரவிடப்பட்டது' என்று ஆபீஸ் பழக்கத்தில் அடித்திருந்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "உத்தரவிட்டேன்னு அடிம்மா. உத்தரவு தானா வரல." புதுத் தாளைச் செருகி மறுபடி அடித்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திருத்தம் ஒன்றுதான். இப்போது பதவி உயர்ந்து நானே முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறேன். 'செய்தேன்' என்றே எழுதுகிறேன். எழுதியபின், கையெழுத்துப் போடுவதற்கு முன், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.