துடுப்பில் கேட்ட சத்தம்

நான் சேரப்பணஞ்சேரிக்காரன். படிப்பு ஆறாவதோடு சரி. ஒரகடத்தில் கம்பெனிகள் வரத் தொடங்கிய வருஷங்களில் மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு கோவளம் போவேன். மீன் வாங்கி வந்து கம்பெனி ஆட்கள் தங்கியிருக்கும் ரூம் ரூமாக விற்பேன்.

கோவளத்தில் ஒரு கட்டுமரக்காரரிடம்தான் வாங்குவது. அவரும் தம்பியும் சேர்ந்து தொழில் செய்தவர்கள். தம்பி ஒரகடத்துக்குக் கம்பெனி லைன் வேலைக்கு வந்துவிட்டான்.

ஒரு நாள் தம்பி சொல்லி அனுப்பினான். "அண்ணாண்ட சொல்லுணா. சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கெழம வந்து சேரணும்."

போய்ச் சொன்னேன். அண்ணன் மணலில் குந்தியிருந்தார். முந்தாநாள் சாயங்காலம் பாரில் வலை விட்டாராம். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பேர். மிதவையை ஏதோ ஒரு போட் அறுத்துவிட்டுப் போய்விட்டது. வலை எங்கே என்று தண்ணீர்மேல் அடையாளம் இல்லை. அவருக்கு இருந்தது அந்த ஒரு வலைதான்.

"இன்னிக்கு ஒரு தபா தேடுவேன். கெடச்சா தொழிலு. இல்லன்னா ஒன் வண்டிலயே ஏறிக்கினு வந்துடறேன். ஒண்டியா முடியாது, நீ வர்றியா?"

எனக்குத் தெரிந்தது ஏரி. இருந்தாலும் கட்டுமரத்தில் ஏறினேன்.

அவர் கடலைப் பார்க்கவேயில்லை. திரும்பித் திரும்பிக் கரையைத்தான் பார்த்தார். மாதா கோயில் சிலுவையும் தூரத்து மலையும் ஒரே நேருக்கு வரவேண்டும். வடக்கே ஒற்றைப் பனையும் தண்ணீர்த் தொட்டியும் அதேமாதிரி நேருக்கு வரவேண்டும். அந்த இரண்டு நேரும் கூடும் இடத்தில்தான் பார்.

சிலுவை மலைக்கு நேராக வந்தது. பனை வரவில்லை. பனையே இல்லை. பிளாட் போட வெட்டிவிட்டிருந்தார்கள்.

"மொட்ட அடிச்சிட்டானுங்கபா," என்றார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா ஏரிக்காரே, ஏரின்னு நெனச்சிக்கினியா?"

துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கினார். மேல்நுனியில் காதை வைத்துக் கண்ணை மூடினார். இல்லை என்று தலையாட்டினார். சிலுவை மலையைவிட்டு விலகாமல் இன்னும் கொஞ்சம் துடுப்பு வலித்தோம். மறுபடி காதை வைத்தார். ஏழெட்டுத் தரம் இப்படி.

அப்புறம், "வையி காத," என்றார்.

வைத்தேன். மரத்துக்குள்ளே சடசடவென்று பொரிந்தது. காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோல். ஒரு நொடி நிற்கவில்லை.

"இன்னாண்ணா இது?"

"பாறைல உசுருங்க கீதில்ல, எறா பூச்சின்னு, அதுங்க போடற சத்தம். அடி மணலா இருந்தா வராது."

மேலே எங்கும் வெறும் தண்ணீர். அடியில் ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. துடுப்பிலிருந்து காதை எடுக்க மனசு வரவில்லை. அவர்தான் பிடுங்கிக்கொண்டார்.

கயிற்றில் கொக்கி கட்டி இறக்கி இழுத்தார். மூன்றாம் தரம் கனத்தது. வலை வந்தது. மீனில் பாதி கெட்டிருந்தது, மீதியை நண்டு தின்றிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வலையை முழம் முழமாகத் தடவினார். ஒரு ஓரம் கிழிசல்.

"தச்சிக்கலாம்," என்றார்.

ஒரகடத்தில் தம்பி ஷிப்டு முடிந்து நின்றிருந்தான். நடந்ததைச் சொன்னேன். பனை இல்லாததையும் துடுப்பில் கேட்டதையும் சொன்னேன்.

"அப்ப வரமாட்டாரு," என்றான். "சரி, சூப்பர்வைசராண்ட, அண்ணனுக்குக் காது மந்தம்னு சொல்லிடறேன்."

"அந்தக் காதையா?" என்றேன்.

"வேற இன்னாத்த சொல்றது? கை காலெல்லாம் நல்லா கீதுன்னு ஏற்கெனவே சொல்லி வச்சிட்டனே."