மூன்றாம் ஓலை

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் இருந்த அத்தனை பேரும் தவறுதலாக எழுந்து நின்றோம். போதகர் அறிவிப்புகளைப் பாதிதான் வாசித்திருந்தார். பாட்டு எண்ணை இன்னும் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் மாமி எழும்பிவிட்டால் பாட்டு வந்துவிட்டது என்றுதான் எங்கள் சபையில் எல்லோருக்கும் பழக்கம். பெஞ்சுகள் தரையில் கீச்சிட, பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபடியே வரிசை வரிசையாக எழுந்தோம். ஆர்கன் வாசிப்பவர் எந்தப் பாட்டு என்று புரியாமல் ஒரு சுருதியை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மாமி போதகரை நோக்கிச் சொன்னாள்: "பாட்டுக்காக எழும்பல்ல ஐயா. தடை சொல்லதுக்கு எழும்புனேன்."

சுருதி நின்றது. சற்று முன்பு வாசிக்கப்பட்ட ஓலையில் இருந்த மணமகள் பெயர் என்னுடையது.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் பக்கம் அத்தை என்று அழைக்கிற வழக்கமில்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். என் வாழ்நாளில் நூறு ஓலையாவது கேட்டிருப்பேன். 'தடை' என்ற சொல் வரும்போதுதான் சபை இருமும், பிள்ளைக்கு மூக்குத் துடைக்கும், காணிக்கைக்குப் பையைத் திறக்கும். போதகரும் அந்த வாக்கியத்தை முடித்த மூச்சிலேயே பெண்கள் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவார். பதில் வரும் என்று எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வியாக அது எங்களில் ஒருவர் காதிலும் விழுந்ததில்லை. மாமிக்கு மட்டும் அது கேள்வியாகவே கேட்டிருக்கிறது.

எனக்கு எதிலும் அவசரம். மஸ்கட்டில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, ஒரு மாத விடுப்பு, பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே சம்மதம் சொல்லிவிட்டேன். நாகர்கோவில் கடைகளில் பெட்டி வாங்கினேன், ஒரு செயலியை வைத்து அரபு எழுத்துகளைக் கிறுக்கிப் பழகினேன். அவன் படத்தை வீடு வீடாகக் கொண்டு காட்டினேன். அப்படித்தான் மாமியிடமும் போனை நீட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். தாடி இல்லாத படம் இருக்கிறதா என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே தேடிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

மாமி மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை செய்துவிட்டு நான்கு வருடங்களுக்கு முன்னால்தான் ஊருக்கு வந்தவள். அங்கே வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் ஆராதனையில் ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் வைப்பது, துவாலை பிடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை ஒருவன் வேறு நாட்டுக்காரியான தன் மனைவியோடு வந்து கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தான். அந்தக் குழந்தையைத் துடைத்து அவன் கையில் கொடுத்தது மாமிதான். அவன் முகமும் இந்த முகமும் ஒன்றுபோல இருந்தன. பெயர் நினைவில்லை. பார்த்தது அந்த ஒரு தடவை. படம் கிடையாது, சாட்சி கிடையாது.

அவள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். அம்மா கோபத்தில் கத்தினாள். "ஒனக்க மவளுக்கு ஒண்ணும் அமையல்லன்னு எனக்க மவளுக்கு அமைஞ்சதக் கலைக்க வந்தியா?" மாமி மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அந்த மாதம்தான் அவளுக்கும் மார்த்தாண்டத்தில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமி தன் அண்ணியிடம் "மைனி, நான் அதுக்கா..." என்று தொடங்கி அப்படியே நிறுத்திக்கொண்டாள். அப்பா, எழுத்தில் ஏதாவது கொண்டுவா, அதுவரை வாயைத் திறக்காதே என்றார். நான் அன்றைக்கே அவனுக்குப் போன் செய்து கேட்டேன். "ஒங்க மாமிக்குக் கண்ணாடிய மாத்தச் சொல்லு" என்று அவன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். இணையத்தில் அவன் பக்கங்களை முழுக்கத் துழாவினேன், ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே பெரிய சான்று என்று எனக்குத் தோன்றியது. படித்த பிள்ளை அல்லவா!

மாமி மஸ்கட்டில் தனக்குத் தெரிந்த எண்களுக்கெல்லாம் அழைத்திருக்கிறாள். பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், மீதிப் பேருக்கு நினைவில்லை. முதல் ஓலை வாசித்தார்கள், அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் ஓலைக்கும் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை கல்யாணம் என்றிருக்க, அந்த ஞாயிறு மூன்றாம் ஓலை. அதற்குப் பிறகு சபை கேட்கப்போவதில்லை.

போதகர் எங்களையும் ஆராதனைக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரையும் உள்ளறைக்கு அழைத்துப்போனார். "நிச்சயமாத் தெரியுமா?" என்று மாமியிடம் கேட்டார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவள் சொன்ன பதில் இது: "நூத்துக்கு நூறு நிச்சயமில்ல ஐயா. நிச்சயம் உள்ளதுன்னா முதல் ஓலைக்கே எழும்பியிருப்பேன். தெரிஞ்சவங்க சொல்லணும்னு கர்த்தருக்க வீட்டுல கேட்டாச்சு. கேட்ட பொறவு நான் எப்பிடி சும்ம இருக்கது?" மாப்பிள்ளையின் அப்பா மேசையில் அடித்தார். அவன் மாமியை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவமானத்தில் குனிந்திருக்கிறான் என்று நினைத்து நான் அவனுக்காக அழுதேன். போதகர் நல்ல மனிதர், வேர்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தடை என்று சபையில் சொல்லிவிட்டபடியால் விசாரிக்காமல் கல்யாணம் நடத்தமாட்டேன் என்றார். மஸ்கட் சபைக்கு எழுதி, ஞானஸ்நானப் பதிவின் முத்திரை வைத்த நகலைக் கேட்பது என்று முடிவானது. அவன் விடுப்பு முடிந்து திரும்பிப் போனான்.

பதில் வர ஏழு வாரம் ஆனது. அங்கே போதகர் மாறியிருந்தார், பழைய பதிவேடுகள் வேறெங்கோ இருந்தன. அந்த ஏழு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது. மார்த்தாண்டத்துக்காரர்கள், இப்படி வாயுள்ள தாயின் வீட்டில் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். மாமியின் முதல் பெஞ்சில் அவளோடு உட்கார ஆளில்லை. பாட்டுக்கு அவள் எழும்பினால், வேண்டுமென்றே கொஞ்சம் பொறுத்து எழும்பினார்கள். "தடை மாமி வாறா, வழி விடுங்கட்டி" என்று ஆலய வாசலில் ஒருத்தி சொல்ல, சுற்றி நின்றவர்களோடு நானும் சிரித்தேன். மாமி காதில் விழுந்தது. என்னைக் கடந்து போகும்போது "சாப்பிட்டியா மக்களே?" என்று மட்டும் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வாலிபர் கூட்டத்தில் விசுவாசத்தைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவள் நான். பேதுரு படகை விட்டு இறங்கித் தண்ணீர்மேல் நடந்ததைக் கைகளை விரித்து, குரலை ஏற்றி இறக்கிச் சொல்வேன். துணிகிறவர்கள் மனதில் சந்தேகமே இருக்காது என்று அப்போது நம்பினேன். சந்தேகத்தை இடுப்பில் கட்டிக்கொண்டே ஒருவர் எழுந்து நிற்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தவறாகப் போனால் முழுக்கத் தான்தான் சுமக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், அருவியாகக் கொட்டும் என் பேச்சில் ஒரு சொல்கூட இல்லாமல், மாமி ஒரு பெஞ்சிலிருந்து எழும்பியிருக்கிறாள்.

நகல் வந்த அன்று போதகர் அதை அப்பா கையில் கொடுத்தார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் அவன் பெயர், அவன் அப்பாவின் முதலெழுத்தோடு இருந்தது. தாயின் பெயர் எனக்கு உச்சரிக்கத் தெரியாத ஒன்று. நான் அவனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம் அவன் அப்பா வந்தார். மேசையில் அடித்த அதே மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். "எங்களுக்கும் தெரியாது. பேரப்பிள்ள இருக்கதே இன்னைக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பதிவில் குழந்தை பெயர் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அப்பா வாசித்துச் சொன்னார். அவர் அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை வரும் என்று அம்மா பயந்தாள். வரவில்லை. சாலையைக் கடக்கும்போது பஸ் உரசிப் போனபின் நடைபாதையில் நின்று கை கால்களைத் தடவிப் பார்ப்பார்களே, அப்படித்தான் இருந்தது. இருக்கிறேன், முழுதாக இருக்கிறேன். நானும் அம்மாவும் அப்போதே மாமி வீட்டுக்குப் போனோம். மாமி அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா நிலையைத் தாண்டாமல் நின்றாள். "மைனி, அங்க என்னத்துக்கு நிக்கிய? உள்ள வாருங்க" என்றாள் மாமி. அம்மா உள்ளே போய், இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு கிழங்கு வெட்ட உட்கார்ந்தாள்.

நகலைப் பற்றிச் சொன்னேன். மாமி கத்தியைக் கீழே வைத்தாள். ஜெயித்த முகம் இல்லை அது. "ஏழு வாரமா ஒண்ணே ஒண்ணுதான் ஜெபிச்சேன் மக்களே" என்றாள். "நான் சொன்னது தப்பா இருக்கட்டும் கர்த்தாவே, எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு ஊரெல்லாம் சிரிக்கட்டும், பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கட்டும்னு கேட்டேன். அவர் தரல்ல."

"தந்திருந்தா நான் கெட்டுப்போயிருப்பேன் மாமி."

"அது இப்பத் தெரியுது. அப்பத் தெரியல்லியே."

இது நடந்து மூன்று வருடமாகிறது. நான் இப்போது திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன், திங்கள் காலை நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ். மாமி மகளுக்கு, மாமியார் வாயைப் பற்றி நன்றாகத் தெரிந்தே ஒருவர் வந்து பெண் கேட்டுக் கட்டிக்கொண்டார். எனக்குத் தங்கை முறையுள்ள பெண்களுக்கு இடம் வந்தால் பெரியவர்கள் மெதுவாக மாமியிடம் படத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறார்கள். "எனக்கு எல்லா மூஞ்சியும் தெரியுமா? விசாரிச்சுப் பாருங்க" என்று திட்டி அனுப்புகிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் நிச்சயமில்லாமல் எழும்பியிருப்பேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் துணிந்து ஆம் என்று சொல்ல முடியவில்லை.

நகல் வந்த அன்றைக்கு, வெந்த கிழங்கையும் சாளை மீன் கறியையும் நடுவில் வைத்து மாமி மகளோடு நாலு பேரும் உட்கார்ந்தோம். எனக்கு அப்படியொரு பசி. தட்டை விட்டு நிமிரவே இல்லை. நான் மறுபடி கறி ஊற்றிக்கொண்டபோது மாமி மகள் என் விலாவில் இடித்தாள். "ஏட்டி, கொஞ்சம் மிச்சம் வை. அந்த ஞாயிற்றுக்குப் பொறவு அம்மா இன்னைக்குத்தான் ரெண்டாந்தரம் கறி கேக்கா."

நிமிர்ந்து பார்த்தேன். மாமி வெறும் தட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.