ஒரே தாளில் இருபத்தாறு கைநாட்டு

போன மாதம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் நாலு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளம் புகுந்த ஓர் ஊருக்கு லாரியில் சாமான் கொண்டு போகிறார்களாம். போர்ட் பிளேரில் நான் நிவாரணப் பிரிவில் எழுத்தராக இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பட்டியல் ரெடி ஐயா, போய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி" என்றார் ஒருவர். பட்டியல் ரெடி என்று கேட்டதும் அவர்களை உட்காரச் சொன்னேன். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி பயணம் கிளம்புகிற எவருக்கும் உதவும்.

எழுபதுகளின் தொடக்கம். ஐப்பசிக் கடைசியில் ஒரு புயல் வடக்கு அந்தமானைப் புரட்டிப் போட்டிருந்தது. எனக்கு வயது இருபத்தாறு, சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம், குடியிருப்பு போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில். நிவாரணப் பட்டியல் தயாரிக்கிற வேலை என் மேஜைக்கு வந்தது. நான் என்ன செய்தேன்? ரேஷன் கார்டுப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு கார்டுக்கு ஒரு தார்ப்பாய், இருபது கிலோ அரிசி. ஒன்றரை நாளில் முடித்துவிட்டேன், சபாஷ் கூட வாங்கினேன். அந்த சபாஷை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து ரசீதுகள் திரும்பி வந்தன. மாயாபந்தருக்கு உள்ளே காட்டிலாகாவுக்கு மரம் வெட்டும் கூலிகள் முகாம் ஒன்று இருந்தது. அங்கிருந்து வந்த ரசீதில் ஒரு கைநாட்டு இருக்க வேண்டிய இடத்தில் தாள் முழுக்க மைக்கறை. முன்னால், பின்னால், ஓரத்தில் என்று இடம் பார்த்துப் பார்த்து விரல் வைத்திருந்தார்கள். ரசீதைப் பாழாக்கிவிட்டார்கள் என்று எங்கள் மேலாளருக்குக் கோபம். நேரில் போய் ஒரே கைநாட்டோடு சுத்தமான ரசீது வாங்கி வா என்று என்னை அனுப்பினார். ஆமாம், நான் போனது யாருக்கும் எதுவும் கொடுப்பதற்கு அல்ல, ரசீதுக்காக.

காலை ஆறரைக்கு பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி பிடித்து சாத்தம் வந்தேன், கட்டணம் பதினைந்து பைசா. மாலை ஐந்து மணிக்கு மாயாபந்தர் கப்பல். டெக் டிக்கெட் ஏழு ரூபாய் என்று ஞாபகம், எனக்கு அரசாங்கப் பாஸ். அப்போது வடக்கே போக முழுச் சாலை கிடையாது, கப்பலை விட்டால் வேறு கதி இல்லை. டெக்கில் ஒருபக்கம் வங்காளிக் குடும்பங்கள், ஒருபக்கம் கோழிக்கூடைகள். பொழுது போகாமல் அந்த ரசீதை எடுத்து ரேகைகளை எண்ணினேன். இருபத்தாறு.

மறுநாள் காலை ஏழரைக்கு மாயாபந்தர் ஜெட்டி. முகாமுக்குப் போக அங்கிருந்து டுங்கி பிடிக்க வேண்டும். எஞ்சின் வைத்த சின்னப் படகைத்தான் அங்கே டுங்கி என்பார்கள். அலையாத்திக் காட்டுக்குள் புகும் உப்பங்கழியில் ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறியிருக்கும்போதுதான் அது போகும். வற்றினால் சேற்றில் குந்திவிடும். அன்றைக்கு ஓதம் ஒன்பது மணிக்கு. அது தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும், கணக்குத் தெரியாமல் கிளம்பாதீர்கள். எட்டரைக்கு ஏறி பத்தரைக்கு இறங்குதுறை. அங்கிருந்து மூன்று மைல் நடை, ஒன்றரை மணி நேரம். மழை விட்டு விட்டுப் பெய்தது. அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலம் கொண்டு போகச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. முகாம் சேர்ந்தபோது வேட்டி முழங்கால்வரை ரத்தம்.

முகாமில் பெரும்பாலும் ராஞ்சிப் பக்கத்து ஆட்கள், நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். பரமக்குடிப் பக்கத்து மாரியாயி என்கிற பெண் என் காலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்துவிட்டாள். அவள் புருஷனும் மரம் வெட்டும் கோஷ்டியில்தான். கோஷ்டிக்கு மேட், அதாவது கூலிகளுக்குத் தலைவர், எத்வா. ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். நான் ரசீதை நீட்டி, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அதட்டலாகத்தான் கேட்டேன். எத்வா தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது மாரியாயி.

"மேட்டு பேருலதான பாபு ஒரே கார்டு. எங்க எல்லாருக்கும் சேத்து அவுகதான் ராஷன் எடுத்தாருவாக. பாய் ஒண்ணு வந்துச்சு. மத்தது அடுத்த போட்ல வரும்னு நெனச்சு, பேரு விட்டுப்போயிரக் கூடாதேன்னு ஆளுக்கு ஒரு விரல் வச்சோம்."

குடியேறிகளின் ஊர்களில் நிலம் பெற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கார்டு. கூலி முகாமிலோ மொத்தக் கோஷ்டிக்கும் மேட் பேரில் ஒன்றுதான். இது காட்டிலாகாவில் காலாகாலமாக நடக்கிற வழக்கம், எனக்கே தெரிந்த வழக்கம். தெரிந்தும் பதிவேட்டில் ஒரு வரி என்றதும் ஒரு குடும்பம் என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு தார்ப்பாயைக் கைக்குழந்தைக்காரிகள் நாலு பேருக்கு மேல் கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் பிய்ந்த கூரையில் இலைதழையைச் செருகிக்கொண்டு மூன்று வாரமாக மழையில் இருந்தார்கள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? மாயாபந்தர் கிடங்கில் மிச்சத் தார்ப்பாய்கள் இருப்பது எனக்குத் தெரியும். எடுக்க அங்கிருந்த அதிகாரியின் கையெழுத்து வேண்டும், அவரோ தாளில் இல்லாத எதையும் நம்பாதவர். கார்டு இல்லாத குடும்பத்தை எப்படி நிரூபிப்பது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுப்புக்கு ஒரு குடும்பம். நிவாரணம் வரும் என்று புதிதாக மூன்று கல்லை வைத்து ஏமாற்ற முடியாது, ஏனென்றால் கல்லின் அடிவரை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். சாம்பலில் கை வைத்துச் சூடு பார்ப்பேன். எரியும் அடுப்புகளை மட்டும் காட்டுங்கள் என்று எத்வாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் வரிசையில் மாரியாயியும் கூட வந்தாள். பிறகு எனக்குச் சோறு வைக்கப் போய்விட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கடைசி வரிசைக்கு நானும் எத்வாவும்தான் போனோம். வீட்டுக்கு வீடு குனிந்து, சாம்பலில் கை வைத்து, பேர் எழுதினேன். மொத்தம் இருபத்தைந்து. ரேகை இருபத்தாறு இருந்ததே என்று ஒரு நொடி உறைத்தது. எவரோ இரண்டு தடவை விரல் வைத்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றிரவு என்னை அந்தத் தார்ப்பாயின் கீழ் படுக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றும் விடவில்லை.

மறுநாள் பத்து மணி ஓதத்தில் கிளம்பி, பகல் பன்னிரண்டுக்கு மாயாபந்தர். அதிகாரி பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெயின்லேண்டிலிருந்து வந்தவர், மாற்றலுக்கு ஆறு மாதம் பாக்கி, வம்பில் மாட்டாமல் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை. கார்டு இல்லாதவனுக்குக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்று கேட்டார். ஒரே வீட்டில் இரண்டு பேர் எழுதியிருந்தால் என்றும் கேட்டார். நான் கல்லையும் சாம்பலையும் சொன்னேன். ஒவ்வொரு சாம்பலிலும் கை வைத்துப் பார்த்தேன் என்றதும் என் விரல்களைப் பார்த்தார், நகக்கண்ணில் கரி அப்படியே இருந்தது. நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டார். அதோடு, கொடுக்கும்போது தானும் வந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு இரண்டு டுங்கியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனோம். இருபத்தைந்து தார்ப்பாய், அதற்கு ஏற்ற அரிசி, நனையாமல் இருக்க மேலே மூடிய படகுத் தார்ப்பாய் ஒன்று. இந்த முறை உப்புப் பொட்டலம் கொண்டு போனேன், பிரயோசனமில்லை, ஆட்களே இறங்குதுறைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு மணிக்குள் திரும்பாவிட்டால் படகு சேற்றில் மாட்டும் என்று டுங்கிக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பேரை வாசித்தேன், ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். இருபத்தைந்தும் முடிந்தது. பட்டியலை மடிக்கும்போது பார்த்தேன், ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. பேர் வரும் என்று நிற்கிறவளைப் போல நின்றாள்.

யார் என்று மாரியாயியிடம் கேட்டேன்.

"சுக்மனி. ஓடைக்கு அங்குட்டுக் கடைசி வீடு. புருஷன் மரம் விழுந்து செத்துப்போனாரு. அவ பேரு வரலையே, ஏன் பாபு?"

அந்த வீடு நினைவிருந்தது. நாலு கம்பு நின்றது, கூரை மொத்தமாகப் போயிருந்தது. எத்வா அதைத் தாண்டி நடந்தார், நானாகத்தான் உள்ளே குனிந்து பார்த்தேன். சாம்பல் சேறாகி சில்லென்று இருந்தது. காலி வீடு என்று நினைத்து எழுந்துவிட்டேன். அடுப்பு எரியவில்லையே என்று மாரியாயியிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கூரை இருந்தாத்தான பாபு அடுப்பு எரியும்? மழைத்தண்ணி நேரா அதுலதான விழுகுது. அவ ரெண்டு வீடு தள்ளி ஒருத்தி அடுப்புலதான் கஞ்சி வச்சுக்கிருக்கா."

எத்வாவிடம், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எரியும் அடுப்பைக் காட்டச் சொன்னீர்கள், காட்டினேன் என்றார். அதில் கிண்டல் இல்லை. பாபு ஒரு சட்டத்தோடு வந்திருக்கிறார், அதில் அவளுக்கு இடம் இல்லை போலிருக்கிறது என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். இருக்கிறவர்களிலேயே அதிகம் இழந்தவளைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு வழியை நான் யோசித்து வைத்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பையிலிருந்து அந்தப் பாழான ரசீதை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தேன். எண்ணிப் பாருங்கள் சார், இருபத்தாறு இருக்கும், தப்பு என்னுடையது என்றேன். அவர் உண்மையாகவே எண்ணினார், முன்னும் பின்னும், இரண்டு தடவை. கிடங்குக்குப் போய் வர ஓதம் விடாது, முதலில் வந்த தார்ப்பாயோ காற்றில் கிழிந்துபோயிருந்தது. கடைசியில் அவர், படகு மேல் மூடிய தார்ப்பாயை அவிழ்த்துக் கொடுக்கச் சொல்லி டுங்கிக்காரரிடம் கை காட்டினார். அரிசி மிச்சம் இல்லை. எத்வா தன் மூட்டையைப் பிரித்து ஒரு டம்ளர் அள்ளி சுக்மனியின் சேலைத் தலைப்பில் போட்டார். பிறகு மாரியாயி, பிறகு எல்லோரும். என் தப்புக்கு அவர்கள் பங்கிலிருந்து கொடுத்தார்கள்.

ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். வழி முழுக்க மழை, மூடத் தார்ப்பாய் இல்லை. அதிகாரி பைலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. மாயாபந்தர் வந்ததும் பட்டியலில் இருபத்தாறாவது பேரைத் தன் கையால் எழுதி, ஓரத்தில் கையெழுத்திட்டார்.

இனி, போகிறவர்களுக்கு. மாயாபந்தருக்கு இப்போது சாலை இருக்கிறது, போர்ட் பிளேரிலிருந்து சுமார் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பும். நடுவில் காட்டு வழியில் எல்லா வண்டிகளும் காவலோடு ஒன்றாகக் கான்வாயில் போக வேண்டும், பத்து மணி நேரமாவது ஆகும். உப்புப் பொட்டலத்தை மறக்காதீர்கள். நிவாரணச் சாமான் கொண்டு போகிறவர்கள் எந்த ஊருக்குப் போனாலும், பட்டியலை இங்கேயே முடித்துவிடாதீர்கள். ஒரு கார்டுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆதார், வாடகைச் சீட்டு, அடுப்பு, எந்த அளவுகோல் வைத்தாலும் சரி, அதில் மாட்டாத ஆள் யார் என்று அங்கே இருக்கிற பெண்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். சில சாமான்களைக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள், நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தாலும் தப்பு வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். படகு ஏறுவதற்கு முன்னால், பழக்கதோஷம், மைப்பெட்டியைத் திறந்து புது ரசீதை சுக்மனியிடம் நீட்டினேன். அவள் மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை.

"அங்கூட்டா தோ பஹ்லே ஹி தே தியா, பாபு" என்றாள். கைநாட்டுத்தான் முன்னாடியே வைத்துவிட்டேனே.

நான் மைப்பெட்டியை மூடினேன். அலுவலகத்தில் பழைய ரசீதையே கோப்பில் வைத்தேன்.