மஸ்கட்டில் லைசென்ஸ் எடுத்தேன்

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்துத்தான் என் கணவர் என்னையும் மகளையும் மஸ்கட்டுக்கு அழைத்துக்கொண்டார். அவர் அங்கே ஏசி மெக்கானிக். ஆந்திராவில் நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த எனக்கு, அதுவரை பெரிய ஊர் என்றால் திருப்பதிதான்.

வீட்டு வேலை சீக்கிரமே பழகிவிட்டது. எந்தக் கடையில் முருங்கைக்காய் வரும், குழாய்த் தண்ணீர் மத்தியானத்தில் ஏன் கொதிக்கிறது, எல்லாம் தெரிந்துகொண்டேன். பழகாதது தூரம். அந்த ஊரில் எதற்கும் வண்டி வேண்டும்.

விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து கணவரை அழைத்துப் போகும். அவர் வாங்கிய பழைய கார் கட்டடத்துக்குக் கீழே, தகரக் கொட்டகையில் நிற்கும். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் அழைத்து வரவும் நான் நடப்பேன். ஒரு மத்தியானம் வழியில் அவள் செருப்பு அறுந்துபோனது. தார்ச்சாலையில் வெறுங்கால் வைக்க முடியாது. இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றபோது எதிரே அந்தக் கார். அதற்கு நிழல், எங்களுக்கு வெயில்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் என் அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"மாமா, நான் காரு ஓட்டக் கத்துக்கப் போறேன்."

"இந்த ஊர்ல லைசென்ஸ் எடுக்கறது லேசுன்னு நென்ச்சுக்கினியாமே? எனக்கே நாக்கு தள்ளிப் போச்சு."

"லேசுன்னு சொல்லல. கத்துக்கப் போறேன்னுதான் சொன்னேன்."

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஓமன்காரர். வெள்ளை அங்கி, பூவேலைத் தொப்பி. எனக்குத் தமிழும் தெலுங்கும், அவருக்கு அரபி. வண்டி நகர்ந்ததும் "சீதா, சீதா" என்றார். என் பேர் அதுவல்ல என்று தலையை ஆட்டினேன். அவர் கையை முன்னால் நீட்டி மறுபடியும் "சீதா" என்றார். நேராகப் போ என்கிறார் என்பது, நான் வண்டியை ஒடித்துத் திருப்பப் போனபோதுதான் புரிந்தது. அதன் பிறகு எங்களுக்குள் மொழிச் சிக்கல் இருக்கவில்லை. நேரே, இடது, வலது, மெதுவாக. ஓட்டுவதற்கு அந்த நான்கு வார்த்தைகள் போதும்.

பரீட்சையில் முதலில் இரும்பு டிரம்களுக்கு நடுவே வண்டியைப் பின்பக்கமாக நுழைக்க வேண்டும். ஒரு டிரம்மை உருட்டிவிட்டு, அடுத்த தடவை தேறினேன். சாலைப் பரீட்சையில் ரவுண்டானா என்னைத் தோற்கடித்தது. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் போகட்டும் என்று நின்றேன். அவை போய் முடியவே இல்லை. பக்கத்தில் இருந்த போலீஸ் அதிகாரி தாளில் ஒரு கோடு இழுத்து, இறங்கச் சொன்னார்.

"போதும் வுடுமே" என்றார் கணவர், அன்று.

"ஓட்டத் தெரியாமப் போவல மாமா. வண்டிங்க நடுவுல பூந்து போவத்தான் தெரியல. அதயும் கத்துக்கினா ஆச்சு."

வெள்ளிக்கிழமை காலைகளில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதே ரவுண்டானாவுக்குப் போனேன். "இப்போ போ, இப்போ போ" என்று அவர் கத்துவார். "நீ சும்மா இரு. நான் பாத்துக்கினுதான் கீறேன்" என்று நானும் கத்துவேன். சுற்றிச் சுற்றி வந்ததில் ஓரத்து டீக்கடைக்காரர் என்னைக் கண்டால் கையசைக்கத் தொடங்கிவிட்டார். எதிர் வண்டிக்காரன் எப்போது வேகத்தைத் தளர்த்துகிறான் என்பது மெல்ல மெல்லக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

மறுபடியும் பரீட்சை. வேறு அதிகாரி. ரவுண்டானாவில் ஒரு லாரி போனது. பின்னாலேயே நுழைந்து, சுற்றி, வெளியே வந்தேன். வண்டியை நிறுத்தியதும் அவர் "மப்ரூக்" என்றார். எனக்குப் பொருள் தெரியவில்லை. கற்றுக்கொடுத்தவரிடம் ஓடிப்போய் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் வானத்தைப் பார்த்து உயர்த்திச் சிரித்தார். தேறிவிட்டதற்கு வாழ்த்து என்று அப்போதுதான் புரிந்து எனக்கு அழுகை வந்தது.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் மத்தியானம் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போனேன். மகள் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"வேலைல கீறாரு. ஏறு."

"அப்போ யாரு ஓட்டிக்கினு வந்தா?"

"நான்தான்."

அவள் ஏறவில்லை. திரும்பி ஓடிப்போய்த் தோழிகள் இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள், எங்கம்மா என்று. பிறகுதான் ஏறினாள்.

அந்த வாரம் ஊருக்குப் போன் போட்டேன். அப்போது எங்கள் தெருவில் மளிகைக் கடையில் மட்டும்தான் போன். கடைக்காரர் ஆள் அனுப்பி என் அப்பாவை, நைனாவை, வரவழைத்தார். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர் அவர்; பட்டா கிடைத்துச் சொந்தமாக நிலம் வந்த பிறகும் இரவல் மாடுதான். எங்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது.

"நைனா, நான் காரு ஓட்டறேன்."

"யாரு காரு?"

"நம்ம காருதான்."

"தனியாவா ஓட்டற?"

"தனியாதான். பாப்பாவ இஸ்கூலுக்கு இட்டுக்கினு போய் வரேன்."

பிறகு அவர் குரல் தள்ளிக் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கடையில் நின்றவர்களிடம் உரத்த தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மா பாப காரு தோல்தா உந்தண்ட!" எங்கள் பெண் கார் ஓட்டுகிறாளாம்! மாட்டுவண்டி ஓட்டுவதற்குச் சொல்லும் அதே வார்த்தையைத்தான் காருக்கும் போட்டார். யாரோ ஏதோ கேட்டார்கள். அவர் இன்னும் சத்தமாக மறுபடியும் சொன்னார்.

என்னிடம் பேச வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.