மூன்றாம் வகுப்பின் மஞ்சள் வட்டங்கள்

பிள்ளைகள் 'நுரை டீச்சர்' என்று கூப்பிட்டவருக்கு, ஓய்வு பெற்று வெகுகாலமாகியும், துணி துவைக்கும்போது அந்த மூன்றாம் வகுப்பு நினைவுக்கு வந்துவிடும். எதைச் செய்தால் மனசு குதூகலிக்கிறது என்று பிள்ளைகளே சோதித்துப் பார்க்கும் பாடம் அது. அன்று சோப்புக் குமிழி ஊதினார்கள். சந்தோஷம் வந்தவர்கள் சுவர் அட்டையில் தம் பெயருக்கு நேரே மஞ்சள் வட்டம் ஒட்ட வேண்டும்.

கடைசி பெஞ்சுக்காரி மட்டும் ஒட்டவில்லை. "எனக்கு வரல டீச்சர்."

"சும்மா ஒட்டுடி, ஹெட்மாஸ்டர் வர்றாரு!" என்று பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தாள்.

இந்தப் பாடத்தை வேண்டாத கூத்து என்று நினைப்பவர் ஹெட்மாஸ்டர். சாக்கு கிடைத்தால் நிறுத்திவிடுவார்.

உள்ளே வந்தவர் அட்டையைத்தான் பார்த்தார். "இதென்னம்மா, நடுவுல ஒண்ணு காலியா கெடக்கு?"

"அவளுக்குச் சந்தோஷம் வரல சார். வராததை வந்ததா காட்டினா அது சோதனையா?" என்றார் டீச்சர்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நடத்துங்க," என்று போய்விட்டார்.

பின்னாலிருந்து யாரோ முந்தானையை இழுத்தார்கள். கடைசி பெஞ்சுக்காரிதான்.

"டீச்சர், இப்ப வந்துருச்சு. ஆனா குமிழியால இல்ல. எங்க ஒட்டணும்?"

அட்டை குமிழிச் சந்தோஷத்துக்கு மட்டும்தான்; இதற்கு அதில் இடமில்லை. டீச்சர் தன் உள்ளங்கையை நீட்டினார்.