ஸ்கூலுக்கு எதிர் வீடு

போன மாதம் ஒரு நாள் காலை. ஷார்ஜாவின் ஓரம், முவைலாவில் எங்கள் பில்டிங்கின் லிஃப்ட் முன்னால் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் யூனிஃபார்ம் போட்டிருந்தாள். டியூட்டிக்குக் கிளம்பியவள், கிளம்பாமல் நின்றாள். லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடிக்கொண்டது. அவள் ஏறவில்லை.

“என்னம்மா?”

“அண்ணே, பஸ் தர மாட்டாங்களாம். வீடு ரொம்பப் பக்கமாம்.”

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீடு தூரம் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறது என்று அழுபவளை அன்றுதான் பார்த்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ரெஜினாவுக்குக் குமரிக் கடற்கரையில் ஊர். ஷார்ஜா நகரத்துக்குள்ளே ஒரு கிளினிக்கில் வேலை. கணவர் சேவியர், கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் டெக்னீஷியன். வாரக்கணக்கில் தண்ணீர் மேலேயே இருப்பார். ஒரே மகள், மெர்சி. ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு.

இங்கே ஜனவரி பிறந்துவிட்டால் ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே பேச்சு. எந்த ஸ்கூல்? இன்ஸ்பெக்‌ஷனில் என்ன ரேட்டிங்? நீச்சல் குளம் இருக்கிறதா? தமிழ் சொல்லித் தருகிறார்களா? போர்டு எக்ஸாமில் எத்தனை பேர்...? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பார்த்து ஸ்கூல் தேடுகிறவர்கள் நாம். பொண்ணு பார்க்கிறபோதுகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டோம்!

ரெஜினாவும் சேவியரும் விசாரித்தார்கள். எங்கள் தெருவில் இருக்கிற ஸ்கூல்தான் உசத்தி என்று எல்லோரும் சொன்னார்கள். ரேட்டிங்கில் மேலே. கட்டடம் கண்ணாடியாய் மின்னும். மெர்சி கேஜி படித்த பழைய ஸ்கூலில் பெயின்ட் உரிந்திருக்கும், ஏசி இருமும். ரேட்டிங்கும் சுமார்தான்.

நல்ல ஸ்கூலில் சீட் கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். துபாய் அல் குசைஸில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஸ்கூலுக்கு நேர் எதிரே எங்கள் பில்டிங்கில் வீடு பிடித்தார்கள். வருஷம் முழுவதற்கும் வாடகைச் செக் கொடுத்தாயிற்று. பால்கனியில் நின்றால் ஸ்கூல் மைதானம் தெரியும். அசெம்பிளிப் பாட்டு அடுப்படி வரை கேட்கும். நம் ஊர்க் கணக்குப்படி இதைவிட வேறென்ன வேண்டும்? பக்கத்தில் ஸ்கூல் இருப்பது பாக்கியமல்லவா?

இங்கே அப்படியில்லை. ஸ்கூலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் பஸ். நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால் அந்த ஸ்கூல் பஸ் கொடுக்காது. பெற்றவர்களே வந்து கூட்டிப்போக வேண்டும். ரோட்டைத் தாண்டினால் வீடுதானே, தானே போகட்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே விடவும் மாட்டார்கள். நியாயம்தான். அந்த ரோட்டில் வண்டிகள் போகிற வேகத்தை நானே பார்க்கிறேனே.

ஆனால் ஸ்கூல் விடுகிற நேரத்தில் ரெஜினா எங்கே இருப்பாள்? கிளினிக்கில், யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டு. சேவியர்? கடலில். புது பில்டிங்கில் முகம் தெரிந்தவர்கள் நானும் என் மனைவியும்தான். நாங்கள் இருவரும் இருட்டுகிற வரை துபாயில் ஆபீஸ். வீட்டோடு ஆள் வைக்க அவர்களுக்குக் கட்டாது.

“கேஜியில எப்படிம்மா சமாளிச்ச?”

“பஸ் எனக்க கிளினிக் கேட்டுலயே பிள்ளைய இறக்கிரும் அண்ணே. அது ரூட்டுல இருந்துல்லா. ஸ்டாஃப் ரூமுல உக்காந்து படம் வரைவா. டியூட்டி முடிஞ்சு ரெண்டு பேருமா வீட்டுக்குப் போவோம். எல்லா ஸ்கூல் பஸ்ஸும் அப்படித்தான் விடும்னு நெனச்சிட்டேன்.”

அடுத்த நாள் நான் லீவு போட்டேன். மூன்று ஸ்கூல் ஏறி இறங்கினோம்.

எதிர் ஸ்கூலில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் பெண்மணி மிக மரியாதையாகப் பேசினார். மரியாதை கூடக் கூட நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. “மேடம், உங்க பால்கனியில இருந்து கை காட்டினா எங்களுக்குத் தெரியும். இதுக்கு எப்படி பஸ் விடுறது?”

இரண்டாவது, நீச்சல் குளம் உள்ள ஸ்கூல். குளத்தைக் காட்டினார்கள், ரோபோ ரூமைக் காட்டினார்கள். ரெஜினா கேட்டது ஒரே கேள்வி. பஸ் கிளினிக்கில் நிற்குமா? “நோ மேடம். வீட்டு அட்ரஸ்ல மட்டும்தான்.” வெளியே வரும்போது அவள் என்னிடம் சொன்னாள்: “குளத்துல தண்ணி நல்லாத்தான் இருக்கு அண்ணே. அதுல பிள்ளைய விட்டுட்டு டியூட்டிக்குப் போகவா?”

மூன்றாவது, பழைய ஸ்கூல். டிசி வாங்கிக்கொண்டு வந்த இடத்துக்கே திரும்பிப் போவது எப்படியிருக்கும் தெரியுமா? கோபித்துக்கொண்டு வந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. ஆபீஸில் இருந்த மலையாளி அம்மா மெர்சியைப் பெயர் சொல்லி விசாரித்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“கிரேட் ஒன் ஃபுல் ஆயி, ரெஜினா. யாராவது போனா விளிக்காம்.”

யாராவது போனால் கூப்பிடுவாராம்... தன் பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை போகட்டும் என்று வேண்டிக்கொள்ள முடியுமா? ரெஜினா வேண்டிக்கொண்டாள். பிறகு என்னிடமே வருத்தப்பட்டாள்.

அன்று சாயங்காலம் சேவியர் போனில் வந்தார். பின்னால் மெஷின் இரைச்சல். ஸ்பீக்கரில் போட்டாள்.

“பேசாம ஊருக்கு அனுப்பிருவோம், ரெஜி. அக்கா பாத்துக்கிடுவா. டிக்கெட்டுக்குச் சொல்லட்டா?”

“அக்கா நல்லாப் பாப்பா. எனக்கு யாரு பாப்பா?”

“வேலைய விடுகியா அப்போ?”

“விட்டா இந்த வீட்டுல யாரு இருக்கது? நீங்க கடலுல... வாடகைக்கு செக் மட்டும் போயிட்டு இருக்கும்.”

சேவியர் இரைச்சலை விட்டு நகர்ந்து போவது கேட்டது. அவருக்கும் அழ ஓர் இடம் வேண்டுமே, அந்த இரும்பு மேடையில் எங்கே போவார்? பிறகு சொன்னார்: “ஏப்ரல் தொடங்குறது வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல முடியாது.”

இப்படித்தான் எத்தனையோ பிள்ளைகள் இங்கிருந்து விமானம் ஏறியிருக்கிறார்கள். சண்டையில்லை, வறுமையில்லை, யாருக்கும் யார்மீதும் பாசம் குறையவில்லை. ஒரு பகல் நேரத்தில், இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே, வீட்டில் ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம். அந்தச் சின்ன ஓட்டை வழியாக ஒரு குழந்தைப் பருவமே ஊருக்கு வழுக்கிப் போய்விடுகிறது.

மறுநாள் ரெஜினா எதிர் ஸ்கூல் சீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகு ஸ்கூலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். காலையில் லிஃப்டில் பார்த்தால் சிரிப்பாள். நானும் கேட்கமாட்டேன். மெர்சி மட்டும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர் மைதானத்தைப் பார்த்து, “தட் இஸ் மை ஸ்கூல், அங்கிள்” என்பாள்.

வகுப்புகள் ஆரம்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது ரெஜினா எங்கள் கதவைத் தட்டினாள். தட்டிய தட்டில் என் மனைவி பயந்தே போனாள்.

“பழைய ஸ்கூலுல கூப்பிட்டுட்டாங்க அண்ணே! ஒரு சீட்டு! பஸ்ஸும் கிளினிக்குல நிக்கும்!”

“யாரு போனாங்களாம்?”

அவள் முகத்தில் ஒரு விசித்திரமான சிரிப்பு. “நம்ம தெருவுலேயே இன்னொரு பில்டிங்குக்குக் குடி வாராங்களாம். நான் விட்ட சீட்டு இருக்குல்லா, எதிர்த்த ஸ்கூலுல... அது அந்தப் பிள்ளைக்குத்தான் கெடச்சிருக்கு. அந்த அம்மா வேலைக்குப் போகாம வீட்டுலதான் இருக்காங்களாம்.”

இவள் விட்டதை அவர்கள் எடுத்தார்கள். அவர்கள் விட்டதில் இவள் உட்கார்ந்தாள். இரண்டு குடும்பமும் எதை எதையோ ஒப்பிட்டுப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் தீர்மானித்தது ஒரே ஒரு வித்தியாசம்... ஒரு வீட்டில் பகலில் அம்மா இருக்கிறாள், இன்னொரு வீட்டில் இல்லை. அதற்கு ரேட்டிங் போட எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை.

இந்த வாரம் பிரஷர் பார்க்க ரெஜினாவின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வரிசையில் ஏழெட்டு பேர். திடீரென்று சிஸ்டரைக் காணோம். பக்கத்தில் இருந்த ஒருவர் முணுமுணுத்தார். ரிசப்ஷன் பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “பஸ் வர்ற நேரம் சார். இப்ப வந்துடுவாங்க.” முணுமுணுத்தவர் சரி என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் எங்கோ பிள்ளை இருக்கும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொதிக்கிற வெயிலில் கேட்டில் ரெஜினா. மஞ்சள் பஸ் வந்து நின்றது. மெர்சி இறங்கியதும் வாயை ஆவென்று திறந்து காட்டினாள். முன்பல் ஒன்று இல்லை. அன்றைக்குத்தான் விழுந்திருக்கிறது போல. ரெஜினா பாக்கெட்டிலிருந்து நோயாளிகளின் தொண்டை பார்க்கிற டார்ச்சை எடுத்து, பட்டப்பகல் வெயிலில் அதைப் போட்டு, அந்த ஓட்டைக்குள் வெகு கவனமாகப் பார்த்தாள்.

எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல் என்று இனி என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்கப்போகிறேன்: பல் விழுந்தால், அன்றைக்கே அதை யாரிடம் போய்க் காட்டும் உங்கள் பிள்ளை?